இடது பக்கம் திரும்பாத வண்டி

செப்டம்பர் 22, ஞாயிறு

வண்டியின் ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒயர்கள் நேற்றைய இடியாப்பம் மாதிரி கிடந்தன. வண்டிக்கு வயது இருபத்தெட்டு. இதுவரை கை வைத்த ஒவ்வொரு மெக்கானிக்கும் தன் ஞாபகார்த்தமாக ஒரு கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான். ஆம்பூர் வெயிலில் டேப்பெல்லாம் இளகிப் பசை வழிகிறது. ஒயர்களின் மேலுறை அங்கங்கே வெடித்திருக்கிறது.

மற்றவனாக இருந்தால் புது டேப் வாங்கிச் சுற்றியிருப்பான். நான் யோசித்தேன். ஷூ கம்பெனியில் இருபது வருடமாகத் தோல் தரம் பிரிக்கிறேன். என் விரல் பட்டுத் தேறாத தோல் கட்டிங் மேஜைக்கே போகாது. அப்பேர்ப்பட்டவன் வண்டிக்கு டேப்பா? கழிவுத்தோல் கடையில் கிளறி, மெரூன் நிறத்தில் நல்ல ஆட்டுத்தோல் துண்டுகளாகப் பொறுக்கி வந்தேன். பட்டையாக வெட்டி, சொல்யூஷன் தடவி, ஹெட்லைட்டிலிருந்து ஹேண்டில்பார் கழுத்து வழியாக டேங்க் அடிவரை ஒயர்களை மொத்தமாகச் சுற்றி, மெழுகு நூலால் தைத்தேன். ஒரு சுருக்கம் இல்லை. வண்டி தயாரிக்கிற எந்தக் கம்பெனிக்காரனும் ஒயருக்குத் தோல் சுற்றிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு ரசனை போதாது.

ஹேமலதா பின்னால் நின்று பார்த்தாள். "இதுல எனக்கு ஒரு கைப்பை தச்சிக் குடுத்திருக்கலாம் இல்ல?" என்றாள். கல்யாணமானதிலிருந்து கேட்கிறாள். வண்டிக்கு இப்போது அவசரம் என்றேன்.

"அவசரம்தான்," என்று உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

வீட்டில் ஒரு செய்தி. ஹேமலதா வேலைக்குப் போகிறாளாம். ஜோலார்பேட்டையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து ஆபீஸில். பூஜை லீவு முடிந்து திங்கட்கிழமை சேர வேண்டும். முதல் மூன்று மாதம் எப்படி என்று பார்ப்பார்களாம், பிறகுதான் நிரந்தரம். மகன் ஹேமந்த் கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். வெறிச்சென்று இருக்கும் வீட்டை இன்னும் வெறிச்சென்று ஆக்குவதுதான் மருந்து போலிருக்கிறது.

நான் தடுக்கவில்லை. "உன் இஷ்டம்" என்றேன். அதை எப்படிச் சொன்னேன் என்பதுதான் இப்போது வீட்டில் வழக்கு.

காலையில் பாசஞ்சர் ரயில். ஸ்டேஷனில் நான் கொண்டுபோய் விட வேண்டும். தெருவுக்கு ஆட்டோ வருவதில்லை, பஸ் ஸ்டாப் ஒரு மூலை, ஸ்டேஷன் ஒரு மூலை. "வண்டி இருக்க இன்னா கவலை?" என்று நானே பெருமையாகச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அக்டோபர் 10, வியாழன்

நாளைக்கு ஆயுத பூஜை. வண்டியை வாட்டர் சர்வீஸில் விட்டேன். அழுக்கு ஒரு துளி இருக்கக்கூடாது என்று சொன்னதால், தண்ணீர்க் குழாயை ஹெட்லைட்டுக்குள்ளேயே விட்டு அடித்தான். மெரூன் தோல் நனைந்து இன்னும் அடர்த்தியாக, அழகாக இருந்தது. இரண்டு நாள் வெயிலில் நிறுத்திவிட்டால் சரியாகிவிடும்.

அக்டோபர் 11, வெள்ளி

சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, சக்கரத்துக்கு எலுமிச்சை. வண்டி என்னைவிட மரியாதையாக இருந்தது. ஹேமலதா தானும் ஒரு பொட்டு வைத்து, "திங்கக்கெழம ஒழுங்கா வா," என்று அதனிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

ஒழுங்காக வந்தது. தெரு முனை வரைக்கும்.

எங்கள் தெரு கொஞ்சம் மேடேறி மெயின் ரோட்டில் சேரும். முனையில் டிரான்ஸ்பார்மர், அதையொட்டிச் சாக்கடை. வலது பக்கம் கம்பெனிக்குப் போக இடம் தாராளம். இடது பக்கம் ஸ்டேஷனுக்குப் போக, டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஹேண்டில்பாரை முழுசாக ஒடித்துத் திருப்ப வேண்டும். ஒடித்தேன். ஹாரன் தானாக ஒரு தடவை அழுதது. எஞ்சின் அணைந்தது.

சைடு ஸ்டாண்டு போட்டு உதைத்தேன். உதைத்தேன். உதைத்தேன். பின்னால் புதுப் புடவையில் ஹேமலதா, கையில் ஜவுளிக்கடைப் பை. ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. அவள் நடந்தே பஸ்ஸுக்குப் போனாள். முதல் நாளே ஒரு மணி நேரம் தாமதம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நேராக நிறுத்தினேன். ஒரே உதை. ஓடியது! இதை என்னவென்று சொல்வது? நான் கம்பெனிக்கு அதிலேயே போனேன். ஒரு தும்மல்கூட இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. அதே முனை. அதே அழுகை. அதே பஸ்.

அக்டோபர் 16, புதன்

பைபாஸ் ஓரம் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் குர்ஷித் பாயிடம் போனேன். கம்பெனிக்குப் போகிற வழிதான். வண்டி பறந்தது. கடை வாசலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். அடங்கிய பிள்ளை மாதிரி ஓடியது.

"நல்லாத்தானே கீது அண்ணா? இன்னா பேஜாரு உங்களுக்கு?"

ஹெட்லைட்டைத் திறந்ததும் சிரித்தார். "இன்னா அண்ணா, வண்டிக்கு ஷூ போட்டு வுட்டிருக்கீங்க? பிரிச்சிப் பாக்கட்டுமா?"

அதை மட்டும் தொடாதீங்க, அங்கே ஒன்றும் இருக்காது, தைத்தது நான் என்றேன். அவரும் தையலைத் தடவிப் பார்த்து, பிரிக்க மனசு வரவில்லை என்று விட்டுவிட்டார். பிளக் மாற்றினார்.

அக்டோபர் 17, வியாழன்

பிளக் பிரச்சினை இல்லை.

அக்டோபர் 19, சனி

எதிர்வீட்டு ராமமூர்த்தி ஐயா ரயில்வேயில் எலக்ட்ரிக்கல் பார்த்து ரிட்டயர் ஆனவர். ஜோலார்பேட்டை யார்டில் அவர் கைபடாத பெட்டியே கிடையாதாம். "வேதாசலம், ரயிலுக்கே கரெண்ட் குடுத்தவன் நான். இது ஜுஜுபி," என்று ஒரு டெஸ்டர் பல்போடு வந்தார். எர்த் சரியில்லை என்றார். பிறகு பேட்டரி என்றார். பிறகு எலி என்றார். கடைசியில் எதையோ எதோடோ தொட்டு ஃபியூஸைப் போக்கினார்.

"பாத்தியா, ஃபியூஸ் போயிருக்கு. இதான் காரணம்," என்று திருப்தியாகக் காபி குடித்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 21, திங்கள்

ஃபியூஸ் மாற்றியாயிற்று. ஹாரன் ஸ்விட்சும் மாற்றியாயிற்று. முனையில் அணைந்துவிட்டது. இன்று பஸ்ஸும் போய்விட்டதால் ஹேமலதா லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

மத்தியானம் சாப்பிட வந்தேன். வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், சூடான சோறு. போன வாரம் முழுக்கத் தூக்குச் சட்டியில் ஆறிப்போனதைத்தான் தின்றேன். இரண்டாம் முறை சோறு வாங்கினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 25, வெள்ளி

குர்ஷித் பாய் இக்னிஷன் காயிலை மாற்றினார். "இனிமே நின்னா என்னைக் கேளுங்க," என்றார்.

அக்டோபர் 26, சனி

கேட்டேன். "அப்போ வண்டிக்கு உங்க மேல எதோ கோவம்," என்றார்.

அக்டோபர் 29, செவ்வாய்

முனையில் இப்போதெல்லாம் எங்களுக்குப் பார்வையாளர்கள் உண்டு. ஹாரன் அழுததும் அங்கிருக்கும் டீக்கடையில் இரண்டு பேர் டம்ளரோடு வெளியே வந்துவிடுகிறார்கள். "அண்ணிக்கு இன்னிக்கும் பஸ்ஸுதானா?" என்று ஒருவன் கேட்டான். நல்ல ஊர், நல்ல ஜனங்கள்.

நவம்பர் 4, திங்கள்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

தீபாவளி லீவு முடிந்து இன்று பள்ளி. முனையில் அணைந்தது. ஹேமலதா இறங்கினாள். வழக்கம்போல் நடந்துபோவாள் என்று பார்த்தால் போகவில்லை. அங்கேயே நின்று சொன்னாள்:

"போதுங்க. இன்னொரு நாள் லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. நீங்க நெனச்சது நடந்துடும். சந்தோஷமா?"

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டேன்.

"உங்க வேலைக்குப் போவும்போது ஒரு நாளாவது நின்னுச்சா இந்த வண்டி? குர்ஷித் பாய் கடைல நின்னுச்சா? நான் ஏறினாத்தான் நிக்குது. அதுவும் இங்கதான், லெஃப்ட்ல ஒடிச்சாத்தான் நிக்குது. தெனம் சாயந்திரம் பெட்ரோல் மிச்சம்னு இதே முனைல சாவிய நிறுத்திட்டு வீட்டுக்கு உருட்டிக்கினு வர்றவரு நீங்க. கைக்குப் பழக்கம். காலையிலயும் நிறுத்தறீங்க."

டீக்கடையில் யாரும் டம்ளரை வாயில் வைக்கவில்லை.

சாவியைத் தொடவே இல்லை என்றேன். அம்மா சத்தியமாக என்றேன். எனக்கே அது பொய் மாதிரித்தான் கேட்டது. இவ்வளவு நாள் சண்டைபோட்டிருக்கிறோம், ஆனால் இன்றுபோல் அவள் என்னைப் பார்த்ததில்லை. யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி.

நான் போய் இப்படிச் செய்வேனா? பொண்டாட்டி வேலையைக் கெடுக்க ஹேண்டில்பாரில் நாடகம் ஆடுவேனா? எனக்கு அவ்வளவு மூளை இருந்தால் நான் ஏன் தோல் தடவிக்கொண்டிருக்கிறேன்!

நவம்பர் 5, செவ்வாய்

எழுந்து பார்த்தபோது அவள் இல்லை. இருட்டு விலகுமுன்பே கிளம்பிவிட்டாள். அவளோடு ரயிலில் போகிற டீச்சர் பிரிஸ்கில்லா மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோ பேசியிருக்கிறாளாம். இனிமேல் அதில்தான் போவாளாம். இந்தத் தகவல் சமையலறையில் தூக்குச் சட்டியோடு எனக்காக வைக்கப்பட்டிருக்கவில்லை; ராமமூர்த்தி ஐயா சொல்லித்தான் தெரியும்.

நவம்பர் 8, வெள்ளி

வீட்டில் பேச்சு இரண்டு வகை. "சாப்பாடு இருக்கு." "கதவைச் சாத்துங்க."

ஒன்றை எழுதாமல் விட்டால் இந்த டைரி எதற்கு. அந்தத் திங்கட்கிழமை மத்தியானம், அவள் ரயிலும் பஸ்ஸும் போய் வீட்டில் இருந்தபோது, வத்தக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டபோது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வண்டியை நான் நிறுத்தவில்லை. ஆனால் நின்றதில் எனக்கு வருத்தம் கொஞ்சம் கம்மிதான். அதை அவள் பார்த்துவிட்டாள். எதைச் சொல்லி மறுக்க?

நவம்பர் 10, ஞாயிறு

அவள் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் கிளம்பினேன். அவள் கோவிலுக்குப் போயிருந்தாள். சாவியில் கை வைக்கவில்லை என்பதற்கு ராமமூர்த்தி ஐயாவைச் சாட்சியாகப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு முனைக்குப் போனேன். இடது பக்கம் ஒடித்தேன். அழுகை. அணைந்தது. தள்ளி நேராக்கி உதைத்தேன். ஓடியது. வலது பக்கம் முழுக்க ஒடித்தேன். ஓடியது. மறுபடி இடது. அணைந்தது.

ஐயா இறங்கி, "எலி இல்ல," என்றார்.

லெஃப்ட்ல ஒடிச்சாத்தான் நிக்குது. அவள் இதைச் சொல்லி ஆறு நாள் ஆகிறது. திட்டு என்று நினைத்துக் காதில் வாங்காமல் விட்டேன். இரண்டு எலக்ட்ரீஷியன்களும் நானும் கண்டுபிடிக்காததை அவள் பின்சீட்டில் உட்கார்ந்தே கண்டுபிடித்திருக்கிறாள். சைடு ஸ்டாண்டு போட்டால் ஹேண்டில்பார் இடது பக்கம் சாய்ந்துதானே நிற்கும்? அங்கே நின்று நூறு உதை உதைத்தாலும் எப்படி ஓடும்? வீட்டில் நேராக நிறுத்தியதும் ஓடாமல் என்ன செய்யும்?

வாசலில் போட்டு ஹெட்லைட்டைக் கழற்றினேன். என் மெரூன் தோல்.

தொட்டேன். அப்பளம். வாட்டர் சர்வீஸில் ஊறி, வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, மறுபடி காய்ந்து, விறைத்துச் சுருங்கிப்போயிருந்தது. மெழுகு நூல் ஒயருக்குள் இறங்கியிருந்தது. ஹேண்டில்பார் கழுத்தில் தோலின் ஓரம் கத்தி மாதிரி நின்று, ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒயரைச் சீவியிருக்கிறது. இரண்டு ஒயர்களில் மேலுறை உரிந்து செம்பு தெரிந்தது. செம்பில் பச்சைக் களிம்பு. ஒன்று ஹாரன் ஒயர். இன்னொன்று கறுப்பு வெள்ளை ஒயர். அது வண்டியின் இரும்பைத் தொட்டால் எஞ்சின் அணைந்துவிடும். சாவியை நிறுத்தினாலும் நடப்பது அதேதான்.

ஆக அவள் சொன்னது முக்கால்வாசி சரி. தினம் காலையில் அந்த முனையில் சாவியை நிறுத்துகிற வேலை நடந்திருக்கிறது. நான் தைத்த தோல் செய்திருக்கிறது.

நனைந்து காய்ந்த தோல் விறைக்கும் என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். கம்பெனியில் ஒரு துளி ஈரம் பட்ட தோல் வந்தால் எடுத்துக் கடாசிவிட்டு அரை மணி நேரம் பாடம் எடுக்கிறவன் நான்.

அதே நாள், சாயந்திரம்

விறைத்த துண்டை அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒயரையும் காட்டினேன். ராமமூர்த்தி ஐயா வாசலிலிருந்தே சாட்சி சொன்னார். அவள் துண்டை எடுத்து மேஜையில் தட்டினாள். கட்டை மாதிரி சத்தம் வந்தது.

"தண்ணி பட்டா தோலு இப்படி ஆவும்னு உங்களுக்குத் தெரியாதா?"

நான் துண்டை வாங்கி வளைத்துப் பார்த்தேன்.

"தெரியாதுன்னா இத்தினி வருஷம் அங்க இன்னா வேல பாத்தீங்க? தெரியும்னா..." என்று நிறுத்திவிட்டாள்.

நன்றாக மாட்டினேன். ஒன்று, தொழில் தெரியாத மடையன். இல்லாவிட்டால், தெரிந்தே செய்த பாவி. என் வாழ்நாளில் முதல் முறையாக நான் முட்டாள்தான் என்று கெஞ்சி வாதாடினேன். "பவுசுக்காகத் தச்சேன் ஹேமா. வேற ஒண்ணும் இல்ல. பெருமை. அவ்ளோதான்." பிறகு அதையும் சொன்னேன்: வண்டியை நிறுத்தவில்லை, ஆனால் நீ வீட்டில் இருந்த அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அது தெரியும்," என்றாள். "ரெண்டாவது தடவ சோறு வாங்கினீங்களே."

நவம்பர் 13, புதன்

குர்ஷித் பாய் கழுத்து ஒயர்களைப் புதிதாகப் போட்டு, பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள் நுழைத்து, மேலே கறுப்பு டேப் சுற்றினார். பார்க்கச் சகிக்கவில்லை. பிரமாதமாக வேலை செய்கிறது. என் மெரூன் துண்டைக் கடையில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார், வருகிறவர்களுக்குக் காட்ட.

நவம்பர் 14, வியாழன்

வண்டி இடது பக்கம் திரும்புகிறது. பின்னால் ஆள் இல்லை.

நவம்பர் 20, புதன்

இன்றும் ஷேர் ஆட்டோ. நான் தினமும் முனையில் இடது பக்கம் ஒடித்து, ஸ்டேஷன் வரை போய், சுற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போகிறேன். வண்டிக்குப் பழக்கம் விட்டுப்போகக்கூடாது, அதற்காக. டீக்கடைக்காரன், "அண்ணே, தெனம் யாரை வுட்டுட்டு வர்றீங்க?" என்று கேட்டான். எதற்கும் ஒரு அளவு இருக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கை வேகமாகப் பார்க்கிறாளாம். தாளாளர் பாராட்டினாராம். பிரிஸ்கில்லா வீட்டுக்கு வந்தபோது சொன்னாள். ஹேமலதா என்னிடம் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, உடனே கோபமாகவும் இருந்தது. முதலில் என்னிடம் சொல்ல வேண்டிய செய்தி இல்லையா அது?

என் "உன் இஷ்டம்" எப்படி ஒலித்திருக்கும் என்று இன்றைக்குத்தான் கொஞ்சம் புரிந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

முதல் முழுச் சம்பளத்தில் ஹேமந்துக்குச் சட்டை, எனக்கு ஒரு குடை, அவளுக்கு ஒரு கைப்பை. பையை வாங்கி அழுத்திப் பார்த்தேன். கை சும்மா இருக்குமா? ரெக்ஸின்.

ஆம்பூரில், தோல் தரம் பிரிக்கிறவன் பெண்டாட்டி, ரெக்ஸின் பை!

"நனைஞ்சா தொடச்சிட்டாப் போதும்," என்றாள். "வெறைக்காது."



டிசம்பர் 9, திங்கள்

காலையில் தூறல். நான் குடையோடு முனையில் நின்றேன், ஹேமலதா மெயின் ரோட்டில் நின்றாள், பிரிஸ்கில்லா அவளோடு போனில் பேசினாள். ஷேர் ஆட்டோ பஞ்சராம். பிரிஸ்கில்லா தன் வீட்டிலிருந்து அப்படியே ஸ்டேஷனுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டாளாம். அவள் வீட்டுக்கு ஸ்டேஷன் பக்கம். எங்கள் வீட்டுக்குப் பக்கமில்லை.

நான் வீட்டுக்கு வந்து வண்டியை எடுத்தேன். மேடேறி முனைக்குப் பக்கத்தில் வந்து நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். ஹேமலதா இரண்டு பக்கமும் ரோட்டைப் பார்த்தாள். பஸ் வரவில்லை. திரும்பி வந்து, பையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தாள்.

"போலாம்," என்றாள்.

டீக்கடையில் டம்ளர்கள் வெளியே வந்தன. டிரான்ஸ்பார்மர் வந்தது. என் தோளில் அவள் கை இறுகியது. மூச்சைப் பிடித்துக்கொண்டது முதுகில் தெரிந்தது. நானும் பிடித்துக்கொண்டேன். முழுசாக ஒடித்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. திரும்பினோம். அவள் மூச்சை விட்டாள். கையை எடுக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ரயில் லேட்டு. அவள் உள்ளே போகாமல் வண்டிப் பக்கத்திலேயே நின்றாள். தாளாளர் பாராட்டியதைச் சொன்னாள். தெரியும் என்று நான் சொல்லவில்லை. புதிதாகக் கேட்கிற மாதிரி முழுவதையும் கேட்டேன். அறிவிப்பு வந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சாயந்திரம் ரயிலுக்கு வந்துடுங்க," என்றாள். ரெண்டடி போய்த் திரும்பினாள். "முனைல சாவிய நிறுத்தாதீங்க. எனக்கு அது புடிக்காது."

சாயந்திரம் வீட்டு வாசல் வரைக்கும் எஞ்சின் ஓடியது. பெட்ரோல் தண்டம்.